'கிகோ'வுக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்குள் வேண்டும்

க.மு. எழுதியது:
குழுமத்தார்க்கு வணக்கம். கல்லூரி விருப்பப்பாடத்துக்கு ஜப்பானிய ஹைக்கூ பற்றிக் குறிப்பு எழுதுகிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. 'கிகோ' என்பதைத் தமிழில் என்ன சொல்லலாம்? கவிதை எந்தப் பருவத்தில் நிகழ்கிறது என்று காட்டும் சொல் அது. ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் கவிதையில் பழைய குளத்தில் குதிக்கும் தவளை இளவேனிலுக்கு உரியது. வகுப்பில் கேட்டால் எல்லாரும் மழைக்காலம் என்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நம்மூர்த் தவளை கார்காலத்தில்தானே கத்துகிறது! இப்போதைக்குப் 'பருவச்சொல்' என்று வைத்திருக்கிறேன்.

தே. எழுதியது:
பருவம் வேண்டாம் ஐயா. பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம், உலாவில் பேதைப் பருவம் என்று அது வேறெங்கெங்கோ இழுக்கும். கார், கூதிர் முதலிய ஆறையும் பெரும்பொழுது என்பதுதானே நம் மரபு? 'பொழுதுச்சொல்' என்போம்.

இரா. எழுதியது:
பொழுது என்றால் இன்றைக்குப் பொழுதுபோக்குதான் நினைவுக்கு வரும். அகப்பொருள் இலக்கணத்தில் கருப்பொருள் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? மரம், புள், பறை, உணவு, தொழில் எல்லாம் அதில் அடக்கம். கிகோக்களைத் தொகுத்த ஜப்பானியரின் 'சைஜிகி' அகராதியும் விலங்கு, செடிகொடி, விழா, அன்றாட வாழ்வு என்றுதானே பிரிக்கிறது?

க.மு. எழுதியது:
இரா. ஐயா, அடுக்குமுறை ஒத்துப்போகிறது, ஆனால் வேலை வேறு. கருப்பொருள் முதலில் திணையைச் சுட்டும், கிகோ பருவத்தை. அதுவும் கண்ணால் கண்ட பருவமல்ல, மரபு வகுத்த பருவம். ஹைக்கூ எழுதிய பெண் கவிஞர் சியோ-நியின் கவிதையைப் பாருங்கள்: கிணற்று வாளியை 'அசகாவோ' என்ற, காலையில் பூக்கும் கொடி சுற்றிக்கொண்டது. அதை அறுக்க மனமில்லாமல் தண்ணீர் கேட்டு வேறிடம் போகிறார். பூப்பது கடுங்கோடையில், சைஜிகியில் அது கூதிர்ப் பூ, அதாவது இலையுதிர்காலப் பூ! பழைய நாட்காட்டிப்படி ஆகஸ்ட் 8 வாக்கிலேயே கூதிர் பிறந்துவிடுகிறது, அதனால். தவிர, கருப்பொருள் என்று போட்டால் பிள்ளைகள் 'மையக்கருத்து' என்று எழுதிவைப்பார்கள்.

வ. எழுதியது:
ஒருவரும் வேரைத் தொடவில்லை. பொழுது, போழ்து, போது மூன்றும் ஒன்றே. போது என்றால் நேரம், மலரும் நிலையிலுள்ள அரும்பும் அதுவே. 'காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி' என்கிறது குறள். காலமும் பூவும் ஒரே சொல்லில்! 'போதுச்சொல்' என்க. இன்னொன்று: போழ் என்றால் பிளத்தல். காலத்தைப் பிளப்பது போழ்து. பாஷோவின் தவளைக் கவிதை தொடங்கும் 'ஃபுருயிகே யா' (பழைய குளம்) என்பதில் அந்த 'யா' கவிதையைப் பிளக்கிறதே, அந்தக் 'கிரெஜி'க்கும், அதாவது வெட்டுச்சொல்லுக்கும், இதே வேர் உதவும்.

இரா. எழுதியது:
'போதும்சொல்' என்று படித்துவிட்டுச் சிரிப்பார்கள். கிரெஜி நம் இடைச்சொல்தான். செய்யுளின் இறுதியில் வரும் ஈற்றசை ஏகாரம் செய்யாத வேலையா?

தே. எழுதியது:
ஈற்றசை கவிதையை முடிக்கும், 'யா' நடுவில் நிறுத்தும். இரண்டையும் கலக்காதீர்கள். அதற்கு வேறு இழை தொடங்கலாம்.

க.மு. எழுதியது:
சரி, தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் பருவச்சொல் பக்கம். பிள்ளைகளுக்கும் சட்டென்று புரிகிறது. அதையே வைக்கிறேன், முதல் இடத்தில் மட்டும் 'கிகோ' என்றும் சேர்த்து.

வ. எழுதியது:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். புரிகிறது என்பதற்காகவே ஒரு சொல்லை எடுத்தால் 'சீசன் வேர்ட்' இன்னும் நன்றாகப் புரியுமே! கிரெஜி இழையைத் தொடங்குங்கள், போழ் பற்றி மூன்று பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.