அன்றாட வேலைக்கே நேரம் சரியாகிறது, தொழிலைப் பற்றி யோசிப்பது எப்போது?

கந்தப்பளைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா நடத்திய மரக்கறி சேகரிப்பை 4 வருடமாக நான்தான் பார்க்கிறேன். 3 லொறி, 14 பேர். கரட், லீக்ஸ், கோவா வாங்கி இரவோடு இரவாகப் பேலியகொட மெனிங் சந்தைக்கு அனுப்புகிறோம். விடிந்தால் விவசாயிகள் விலை கேட்டு நிற்கிறார்கள், மத்தியானம் மூட்டை கட்ட ஆள் வரவில்லை, ராத்திரியானால் கினிகத்தேனையில் டயர் போய்விட்டது என்று டிரைவர் கூப்பிடுகிறார். தை மாதம் கொப்பியில் "மூட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் கூடை, கணக்குப் பார்க்க வேண்டும்" என்று எழுதினேன், அந்த வரி இன்னும் அப்படியே கிடக்கிறது. போன கிழமை சந்தைக்கு நானே போய் லொறியைத் திறந்தால், அடியில் இருந்த லீக்ஸ் மூட்டைகள் நசுங்கித் தண்ணீர் விட்டு நாறுகின்றன. மனசு கேட்கவில்லை. இதை உட்கார்ந்து யோசிக்க ஒரு மணித்தியாலம் கிடைக்க மாட்டேன் என்கிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பண்டாரவளை பேக்கரி அக்கா:
தம்பி, ஒரு கிழமைக்கு வருகிற போன் கோல் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். யார், எதற்கு, நீங்கள் இல்லாமல் முடிந்திருக்குமா என்று. நான் எழுதிப் பார்த்தபோது பாதிக்கு மேல் "அக்கா, இவருக்குக் கடன் கொடுக்கலாமா" என்பதுதான். 3,000 ரூபாய் வரை கவுண்டரில் இருக்கும் பிள்ளையே முடிவெடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முதல் மாதம் இரண்டு பேர் காசு தரவில்லை. நான் ஏசவில்லை, ஏசியிருந்தால் அவள் மறுபடியும் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிட்டிருப்பாள். நீங்களும் கிலோவுக்கு இந்த விலைக்கு மேல் போகாதே, அதற்குள் நீயே பேசு என்று தராசில் நிற்பவரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள். டயர் செலவுக்கு டிரைவர் கையில் காசு இருக்கட்டும். அப்புறம் போயா (பௌர்ணமி) லீவில் கொப்பியோடு எங்காவது தள்ளிப் போய் உட்காருங்கள்.

அட்டன் அண்ணன்:
அக்கா சொல்வது சரி, ஆனால் தராசை முழுக்க விட்டுவிடாதீர்கள் தம்பி. 2021ல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது, பாதிக் காணியைச் சும்மா போடப் போகிறோம் என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னது தராசடியில்தான் என் காதில் விழுந்தது, அதைக் கேட்டுத்தான் புது லொறிக்கு லீசிங் போடாமல் விட்டேன். அடுத்த வருடம் டீசல் வரிசையில் கிடந்தபோது அந்தத் தவணையும் சேர்ந்திருந்தால் தொழிலையே மூடியிருப்பேன். கிழமைக்கு 2 காலையாவது அங்கே நில்லுங்கள், விலை பேச வேண்டாம், அவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.

கூடை விசயம் லேசானதில்லை. 2011 கடைசியில் அரசாங்கம் கட்டாயமாக்கியபோது எவ்வளவு எதிர்ப்பு வந்தது! கூடைக்கு முதல் போட வேண்டும், லொறியில் ஏறும் நிறை குறையும், காலிக் கூடை திரும்பி வர வேண்டும். அதனால் லீக்ஸ் ஏற்றும் ஒரு லொறியை மட்டும் ஒரு மாதம் மாற்றிப் பாருங்கள். எத்தனை கிலோ ஏறியது, எவ்வளவு கழிந்தது, எத்தனை கூடை திரும்பியது, மூன்றையும் டிரைவரே எழுதட்டும். கோவா மூட்டையிலேயே போகட்டும்.

கந்தப்பளைக்காரன்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. நாளைக்குக் கரட்டுக்கு மட்டும் விலை எல்லையைச் சொல்லிப் பார்க்கிறேன். சந்தையில் கூடையைத் திருப்பித் தராவிட்டால் என்ன செய்வது?

அட்டன் அண்ணன்:
கூடைக்கு டிபோசிட் வாங்குங்கள், பில்லிலேயே தனி வரியாகப் போடுங்கள். தர மாட்டேன் என்கிற கடைக்கு மூட்டையிலேயே அனுப்புங்கள் தம்பி.