பூட்டின வீட்டில் சீட்டாட்டம்: 500 ரூபாய் அபராதம் ஒரு தண்டனையா?

கானாடுகாத்தான் தெரு:
எங்கள் தெருவில் ஒரு பெரிய வீடு பூட்டிக் கிடக்கிறது. சொந்தக்காரப் பங்காளிகள் ஆளுக்கொரு ஊர், சாவி காவலாளி கையில். ராத்திரியானால் முகப்பில் ‘உள்ளே வெளியே’ சீட்டாட்டம் ஓடுகிறது, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஒருத்தர் கமிஷன் எடுக்கிறார். பிடிபட்டால் 1930-ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம்தான். நடத்தினவருக்கு 8-ஆம் பிரிவில் அதிகபட்சம் 500 ரூபாய் அல்லது 3 மாதம். ஆடினவருக்கு 9-ஆம் பிரிவில் 200 ரூபாய் அல்லது ஒரு மாதம். அதே சீட்டை செல்போனில் நடத்தினால் மாநிலத்தின் 2022 சட்டப்படி 3 வருஷம் வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். முகப்பில் ஆடினால் மட்டும் டீச்செலவா?

செக்காலை வக்கீல்:
தொகையைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள் அண்ணே. சட்டத்தின் பிடி 6-ஆம் பிரிவில் இருக்கிறது. முறையான சோதனையில் சீட்டுக்கட்டு சிக்கினாலே அது சூதாட்ட வீடுதான் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது எதிராளி பொறுப்பு. ஆனால் 5-ஆம் பிரிவு வாரண்டோடு நுழைந்திருந்தால்தான் போலீசுக்கு இந்தச் சலுகை. வாரண்ட் இல்லாமல் சுவரேறிக் குதித்தால், கமிஷன் எடுத்ததைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். ஆடினவர் எவர் வந்து கூண்டில் ஏறுவார்? கேஸ் சாய்வது இங்கேதான், 500 ரூபாயில் இல்லை.

கானாடுகாத்தான் தெரு:
2024 ஜூலை 1 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-ஆம் பிரிவு இருக்கிறதே. அனுமதியில்லாத பந்தயம், சூதாட்டம் என்று அச்சிலேயே இருக்கிறது. குறைந்தது ஒரு வருஷம், 7 வருஷம் வரை. அதைப் போட்டால் தீர்ந்தது.

பள்ளத்தூர் பார்வை:
போடலாம், நிற்குமா? குழு அல்லது கும்பலின் ஆள் என்று காட்ட வேண்டும். நாலு பேர் ஒரே பாயில் உட்கார்ந்ததால் கும்பல் ஆகிவிடாது என்பது என் வாதம். மூன்று நம்பர் லாட்டரிக்கு அது பொருந்தும்: எழுதுகிறவர், வசூலிப்பவர், பணம் கொடுப்பவர் என்று சங்கிலி இருக்கும். நம்ம மாநிலத்தில் 2003 ஜனவரியிலிருந்து லாட்டரிக்குத் தடை. 1998 லாட்டரிச் சட்டத்தில் 2 வருஷம் வரை கடுங்காவல், ஜாமீனில் விடமுடியாத குற்றம்.

தேவகோட்டை மன்றம்:
எல்லாச் சீட்டையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். ரம்மி பெரும்பாலும் திறமைதான் என்று சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியாகிவிட்டது. 1930 சட்டத்தின் 11-ஆம் பிரிவும் திறமை ஆட்டத்துக்கு விலக்கு தருகிறது. சீட்டு, நாற்காலிக்கு மன்றம் நியாயமான கட்டணம் வாங்கினால் குற்றமில்லை.

செக்காலை வக்கீல்:
அதே தீர்ப்பை முழுசாகப் படியுங்கள் ஐயா. ஆட்டத்திலிருந்து மன்றம் லாபம் பார்த்தால் கதை வேறு என்றும் அதில் இருக்கிறது. ‘உள்ளே வெளியே’க்கோ 11-ஆம் பிரிவு உதவாது, அது முழுக்க அதிர்ஷ்டம். கல்யாண வீட்டு வளவில் சொந்தக்காரர்கள் ஆடுகிறார்களே, அங்கே யாரும் கமிஷன் எடுப்பதில்லை. அதனால் அது சூதாட்ட வீடு ஆகாது.

ஆச்சி வீட்டுப் பேரன்:
வீட்டுக்காரர் மாட்டுவாரா?

பள்ளத்தூர் பார்வை:
8-ஆம் பிரிவில் ‘அனுமதிப்பவர்’ என்றும் வார்த்தை இருக்கிறது. தெரிந்தே விட்டால் சிக்கல். காதுக்குச் சேதி வந்ததும் ஸ்டேஷனுக்கு எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள், பூட்டை மாற்றுங்கள். பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால் நல்லது. ஒருத்தர் வாடகை வாங்கிக்கொண்டிருந்தால் அவர் தனியாகத் தெரிந்துவிடுவார்.

கானாடுகாத்தான் தெரு:
அப்போ 500-ஐ 50,000 ஆக்க வேண்டாம் என்கிறீர்களா?

செக்காலை வக்கீல்:
ஆக்கட்டும், தடுக்கவில்லை. ஆனால் சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு. வெறும் 3 மாதத் தண்டனைக் குற்றம் என்பதால் ஒரு வருஷத்துக்குள் கேஸ் தாக்கலாக வேண்டும். தவறினால் கோர்ட் எடுக்காது. பாயில் கிடந்த பணம் எவ்வளவு, எவர் சட்டைப்பையில் எவ்வளவு என்று மகஜரில், அதாவது போலீஸ் எழுதும் பறிமுதல் பட்டியலில், பிரித்து எழுதாமல் மொத்தமாக ஒரு தொகை போட்டால், எது பந்தயப் பணம் என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். அபராதம் 50,000 ஆனாலும் இதே கேள்விதான்.