அந்தக் கை மன்னிப்பா? – 'பைசிக்கிள் தீவ்ஸ்' கடைசிக் காட்சி பற்றி ஒரு சண்டை

கடைசி பெஞ்ச்:
சினிமா படிப்பில் முதலாண்டு. போன வாரம் வகுப்பில் இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948) படத்தின் கடைசி எட்டு நிமிடத்தை மட்டும் ஓட்டினார்கள். வேலைக்குத் தேவையான சைக்கிளைத் திருட்டுக் கொடுத்துவிட்டு, அந்தோனியோ மகன் புரூனோவோடு அதைத் தேடி ரோம் முழுக்க அலைகிற கதை. ஸ்டேடியத்துக்கு வெளியே அப்பாவும் மகனும் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருப்பதில் தொடங்கி, கூட்டத்தில் கலந்து மறைவது வரை. அதை ஆராய்ந்து எழுதச் சொன்னார்கள். அந்தோனியோ சைக்கிள் திருடி, மாட்டி, அறை வாங்கி, அழுதுகொண்டே நடக்கும்போது புரூனோ அவன் கையைப் பிடிக்கிறானே, அதை 'மகன் தந்தையை மன்னிக்கிறான்' என்று எழுதினேன். 20க்கு 9. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வி: 'இது படத்தில் எங்கே இருக்கிறது?' ஒன்றரை மணி நேரப் படத்தில் எட்டு நிமிடத்தை அறுத்துப் போட்டுவிட்டு ஆதாரம் கேட்பது நியாயமா?

மேசை விளக்கு:
சரியான கேள்விதான் தம்பி. கையைப் பிடித்தான் என்பது திரையில் இருக்கிறது. மன்னித்தான் என்பது உன் மனதில் இருக்கிறது. நான் எடிட்டிங் டேபிளில் வேலை பார்க்கிறவன். எட்டு நிமிடம் எங்களுக்குப் பெரிய நிலம். தொப்பியைக் கவனித்தாயா? கூட்டம் பிடித்து இழுக்கும்போது அப்பாவின் தொப்பி கீழே விழுகிறது. பையன் அதை எடுத்து, அழுகையோடேயே தூசி தட்டுகிறான். சைக்கிள்காரர் அந்தப் பையன் முகத்தைப் பார்த்துத்தான் புகார் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார். விழுந்த மானத்தைத் தட்டி எடுத்துக்கொண்டு நடக்கிறான் பையன். அதை எழுதியிருந்தால் மதிப்பெண் வந்திருக்கும்.

கடைசி பெஞ்ச்:
மானமா? அது படத்தில் எங்கே இருக்கிறது அண்ணே?

மேசை விளக்கு:
சரி, மாட்டிக்கொண்டேன். தொப்பி என்று மட்டும் வைத்துக்கொள்.

பழைய ரீல்:
இரண்டு பேரும் இந்தக் கையை ஏதோ நேற்று கண்டுபிடித்த மாதிரி பேசுகிறீர்கள். பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸான் 1949-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். அந்தக் கை மன்னிப்பின் அடையாளமும் இல்லை, குழந்தைத்தனமான ஆறுதலும் இல்லை. அப்பாவையும் மகனையும் சமமாக்குகிற சைகை என்பது அவர் கட்சி. அதுவரை அப்பா என்றால் மகனுக்குத் தெய்வம். தெய்வம் திருடி, அறை வாங்கி, அழுதாகிவிட்டது. இனி இரண்டு மனிதர்கள் சேர்ந்து நடக்கிறார்கள். ஆனால் பஸானால் இதைச் சொல்ல முடிந்தது முழுப்படத்தையும் பார்த்ததால். டி சிகா அந்தப் பையனை முகத்துக்காக மட்டுமல்ல, நடைக்காகவும் தேர்ந்தெடுத்தார் என்று எழுதியதும் அவர்தான். அப்பாவின் நீளமான காலடிக்குப் பக்கத்தில் பையனின் குட்டி ஓட்டம். அந்த நடையை முழுக்கப் பார்க்காதவனுக்குக் கடைசிக் கை வெறும் கைதான். துண்டு போட்டுக் காட்டுவது சினிமா வகுப்பு இல்லை, கசாப்புக் கடை.

மேசை விளக்கு:
ஐயா, முழுப்படம் பார்த்தவர்கள்தான் அதிகமாக ஏமாறுகிறார்கள். கண்ணீரோடு வெளியே வந்து 'என்ன ஒரு யதார்த்தம்!' என்பார்கள். அந்தக் கடைசி நிமிடங்களை ஒலியை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சிகோஞினியின் இசைதான் பாதி அழுகையை நமக்காக அழுகிறது என்பது அப்போது தெரியும். துண்டாக்கி, நிறுத்தி, திரும்ப ஓட்டினால்தான் இதெல்லாம் பிடிபடும்.

பழைய ரீல்:
ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் அழுதேன். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

மதியக் காட்சி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு இந்தப் படத்தின் மேலேயே சந்தேகம் உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளி மஜ்ஜொரானியைக் கதாநாயகனாக்கினார்கள், ரோமின் நிஜத் தெருக்களில் எடுத்தார்கள், எல்லாம் சரி. அதற்காக 'உள்ளது உள்ளபடி' என்று கொண்டாடுவதா? அந்தோனியோ சபலப்படும் நேரம் பார்த்து ஸ்டேடியத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. போதாது என்று சைக்கிள் பந்தயக்காரர்கள் வேறு கண்ணெதிரே பறந்து போகிறார்கள். எதிர்ச் சந்தில் கதவோரம் ஒரே ஒரு சைக்கிள், காவலுக்கு ஆளில்லை. பையனை டிராமில் போகச் சொல்கிறான். அவன் டிராமைத் தவறவிடுகிறான், சரியாக அப்பாவைத் துரத்தும்போது. இதற்குப் பெயர் யதார்த்தம் என்றால் நம்ம ஊர் கிளைமாக்ஸ் என்ன பாவம் செய்தது?

மேசை விளக்கு:
இதைத்தான் சொல்கிறேன்! இந்த அடுக்கு முழுக்க அந்த எட்டு நிமிடத்துக்குள்ளேயே இருக்கிறது. நிறைய சைக்கிள்கள், ஓடும் சைக்கிள்கள், கடைசியில் தனியாக ஒன்று. திரைக்கதை எழுதிய சவத்தீனியும் கூட இருந்த எழுத்தாளர்களும் செதுக்கி வைத்ததைத் துண்டாகப் பார்த்ததால்தானே உங்களுக்குப் பட்டியல் போட முடிந்தது.

பழைய ரீல்:
மதியக் காட்சி சொல்வதில் பாதிதான் உண்மை. செதுக்கியிருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செதுக்கல் தெரியாமல் இருக்க எதையெல்லாம் சும்மா விட்டுவைத்தார்கள் என்று பாருங்கள். நடுவில் மழைக்கு ஒதுங்கும் இடத்தில் ஜெர்மன் பேசும் இளம் பாதிரிகள் கூட்டமாக வந்து நிற்பார்கள். கதைக்கு ஒரு பைசா பிரயோஜனமில்லை. (அதில் ஒருவர் பின்னாளில் வெஸ்டர்ன் படங்கள் எடுத்த செர்ஜியோ லியோனே. சும்மா சொல்லி வைத்தேன்.) அந்த மழைதான் கடைசிக் காட்சியை நம்ப வைக்கிறது. அப்புறம், தலைப்பு. இத்தாலியத் தலைப்பில் 'திருடர்கள்', பன்மை. அமெரிக்காவில் வெளியிட்டபோது 'திருடன்' என்று ஒருமை ஆக்கிவிட்டார்கள். பன்மையில் அந்தோனியோவும் உண்டு என்று கடைசியில்தான் புரிகிறது. கடைசியை மட்டும் பார்க்கிறவனுக்கு முதல் திருடன் யாரென்றே தெரியாது, பன்மை எங்கிருந்து புரியும்?

கடைசி பெஞ்ச்:
நேற்று இரவு முழுப்படமும் பார்த்தேன். கையில் நோட்டோடு, அப்பா திரும்பிப் பார்க்கிறாரா என்று ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டு. மழையில் பையன் சறுக்கி விழுகிறான், அப்பா கவனிக்கவில்லை. அவன் உடையைத் துடைப்பதைப் பார்த்துவிட்டுத்தான் என்ன ஆச்சு என்று கேட்கிறார். பையன் எரிச்சலோடு 'விழுந்துட்டேன்' என்கிறான். ஒரு சுவர் ஓரமாக ஒன்றுக்குப் போக நிற்கிறான். அதற்குள் அப்பா கத்திக் கூப்பிட, பாதியில் ஓடி வருகிறான். திருடனின் தெருவை விட்டு வரும்போது சாலையைக் கடக்கையில் இரண்டு கார்கள் அவனை இடிக்கப் பார்த்தன. அப்பா முன்னால் போய்க்கொண்டே இருக்கிறார், தெரியவே தெரியாது. இந்த இடங்களிலெல்லாம் அவர் முன்னால், இவன் பின்னால். கடைசியில் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறார்கள். கையை நீட்டுவதும் பையன்தான். நான் எழுதியிருக்க வேண்டியது இது. மன்னிப்பு என்ற சொல்லே தேவைப்பட்டிருக்காது.

பழைய ரீல்:
பார்த்தீர்களா? ஆசிரியர் கேட்ட ஆதாரம் படத்தில் இருக்கிறது, அவர் காட்டிய துண்டில்தான் இல்லை.

மேசை விளக்கு:
அவசரப்படாதீர்கள் ஐயா. தம்பி, அந்த இரண்டு கார்கள் வருவது எப்போது?

கடைசி பெஞ்ச்:
ஸ்டேடியத்துக்கு வரும் வழியில். நடைபாதையில் உட்கார்வதற்குச் சற்று முன்னால்.

மேசை விளக்கு:
அப்படியானால் வகுப்பில் காட்டிய துண்டு தொடங்கிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால். அங்கிருந்து ஓட்டியிருந்தால், அப்பா பின்னால் பார்க்காமல் நடப்பதும் கடைசியில் கை கோப்பதும் ஒரே துண்டில் வந்திருக்கும். வெட்டியது தப்பில்லை. வெட்டிய இடம் தப்பு. எங்கள் தொழிலில் இதற்குத்தான் சம்பளம்.

பழைய ரீல்:
எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிய, முழுசாகப் பார்த்திருக்க வேண்டாமா?

மதியக் காட்சி:
மறுபடியும் முதலிலிருந்தா! தம்பி, அந்த 9 என்ன ஆச்சு?

கடைசி பெஞ்ச்:
9 அப்படியேதான் இருக்கிறது. இதை எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். நின்றபடியே படித்தார். 'அடுத்த வாரம் உணவகக் காட்சி, முழுப்படமும் பார்த்துவிட்டு வா' என்றார்.