சக ஆசிரியரைத் தூக்கிவிடும் பேராசிரியருக்கு விருது: விதிமுறையை எப்படி எழுதுவது?

கேள்வி (பின்வரிசை)

எங்கள் பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒரு விருது தொடங்குகிறார்கள். பாடம் நடத்துவதற்கோ ஆய்வுக்கோ இல்லை. புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களையும் நடுவில் தடுமாறும் ஆசிரியர்களையும் கைகொடுத்துத் தூக்கிவிடும் பேராசிரியருக்கானது. விதிமுறை எழுதும் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். மூன்று கூட்டம் முடிந்தும் பெயர்கூட முடிவாகவில்லை. 'சிறந்த வழிகாட்டி' என்றால் எல்லோரும் பிஎச்டி கைடு என்றே நினைத்துக்கொள்வார்கள். அதனால் இப்போதைக்கு 'மென்டர்' என்றே எழுதி வைத்திருக்கிறோம்.

பெயர் கிடக்கட்டும். முதல் வரைவில் இருப்பது இது: விருது வேண்டுபவர் தானே விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை பேருக்கு மென்டராக இருந்தார், மொத்தம் எத்தனை மணி நேரம், என்னென்ன சான்று என்று நிரப்ப வேண்டும். மொத்த மதிப்பெண் 100. படித்ததிலிருந்து எனக்கு மனசே ஒப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் வகுப்பு சரியாகப் போகவில்லை. மாணவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். வேறு பாடப்பிரிவைச் சேர்ந்த மூத்த பேராசிரியர் ஒருவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "ஒரு நாள் வந்து உட்காரட்டுமா?" என்றார். வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் ஒரு அரைத்தாளை நீட்டினார். அதில் அறிவுரை எதுவும் இல்லை. நேரமும் பக்கத்தில் ஒரு வரியும்தான்.

10.05: பலகையைப் பார்த்தே பேசுகிறீர்கள்.
10.12: இடப்பக்கம் மூன்றாம் வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள்.
10.16: கையை இறக்கிவிட்டாள்.
10.31: இந்த எடுத்துக்காட்டு எனக்கே புரிந்தது.

அந்த 10.12க்கும் 10.16க்கும் நடுவில் இருந்த நான்கு நிமிடம் எனக்குக் கற்றுக்கொடுத்ததை எந்தப் பயிற்சி வகுப்பும் கற்றுக்கொடுக்கவில்லை. தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.

அடுத்த வருடம் என் கட்டுரை ஒன்று ஆய்விதழிலிருந்து திரும்பி வந்தது. இரண்டாவது மதிப்பீட்டாளர் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். ராத்திரி உட்கார்ந்து ஆசிரியர் குழுவுக்குச் சூடாக ஒரு பதில் தட்டி வைத்திருந்தேன். காலையில் அவரிடம் காட்டினேன். "அனுப்பிவிட்டீர்களா?" "இன்னும் இல்லை சார்." "சரி, மூன்று நாள் கிடக்கட்டும்." மூன்றாம் நாள் இருவரும் உட்கார்ந்து அந்த மதிப்பீட்டில் வண்ணம் அடித்தோம். சரியாகச் சொன்னதற்கு ஒரு வண்ணம். புரியாமல் சொன்னதற்கு ஒன்று. அது என் எழுத்தின் குற்றம் என்றார். வீம்புக்குச் சொன்னதற்கு ஒன்று. வீம்பு வண்ணம் ஒரே ஒரு இடத்தில்தான் விழுந்தது.

இந்த மனிதர் எங்கள் படிவத்தை வாங்கி, 'மணி நேரம்' என்ற கட்டத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார் என்று நினைக்கிறீர்களா? அவருடைய பணிநிறைவு விழாவில் கட்டுரை எண்ணிக்கை படித்தார்கள், இருந்த குழுக்களின் பெயரெல்லாம் படித்தார்கள். இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது அவருக்கு உறுத்தவில்லை, எனக்குத்தான் உறுத்தியது.

ஆகவே கேட்கிறேன். யார் முன்மொழிவது? எதைச் சான்றாக வைப்பது? கேடயம் தவிர வேறு என்ன கொடுக்கலாம்? நடத்திப் பார்த்தவர்கள், வாங்கியவர்கள், வாங்காதவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

பதில் 1 (கோப்புக்காரன்)

நான் நிர்வாக அலுவலகத்தில் இருந்தவன். உங்கள் வரைவைப் போலவே ஒன்றை வைத்து நாங்களும் விருது நடத்தினோம், அனுபவித்தோம். முதல் வருடம் வந்த விண்ணப்பங்களில் ஒன்று மட்டும் கனமாக இருந்தது. பிரித்தால் 42 கையெழுத்து உள்ள வருகைத்தாள். ஒரு நாள் கருத்தரங்கு நடத்திவிட்டு, வந்தவர்கள் எல்லோரையும் தன்னிடம் வளர்ந்தவர்கள் என்று கணக்குக் காட்டியிருந்தார். விருது அவருக்குத்தான் போனது. குழுவைக் குற்றம் சொல்ல முடியாது, மதிப்பெண் அட்டவணை அப்படி. அடுத்த வருடம் எல்லா விண்ணப்பத்திலும் வருகைத்தாள் இருந்தது!

பொருளியலறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும். ஒரு அளவைப் பிடித்து ஆட்களை ஆட்டிவைக்கத் தொடங்கினால் அந்த அளவு கெட்டுப்போகும். மணி நேரத்தை எண்ணினால் மணி நேரம்தான் பெருகும்.

உலகத்தில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 'நேச்சர்' ஆய்விதழ் 2005 முதல் அறிவியல் மென்டர்களுக்கு விருது கொடுக்கிறது, ஒவ்வொரு வருடமும் ஒரு நாட்டையோ வட்டாரத்தையோ எடுத்துக்கொண்டு. அங்கே முன்மொழிவது அவரிடம் வளர்ந்தவர்கள். அதுவும் ஒரே காலத்து ஆட்களாக இல்லாமல், அவருடைய பணிக்காலத்தின் வெவ்வேறு கட்டங்களில் இருந்தவர்களாக இருக்க வேண்டும். இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் நல்லவராக இருப்பது எல்லோராலும் முடியும். பதினைந்து வருடம் முன்பு வந்தவரும் போன வருடம் வந்தவரும் ஒரே மாதிரிச் சொன்னால்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் அதிபர் பெயரிலான மென்டர் விருது 1996இல் தொடங்கியது. ஆனால் இரண்டுமே பெரும்பாலும் மாணவர், இளம் ஆய்வாளர் பக்கம் சாய்ந்தவை. சக ஆசிரியருக்குச் செய்வதைத் தனியாகப் பிரித்து எழுதாவிட்டால், நிறைய பிஎச்டி மாணவர்கள் உள்ளவரே இங்கேயும் தட்டிக்கொண்டு போவார்.

இன்னொன்று, முன்மொழிகிறவர்கள் எழுதும் கடிதத்தில் என்ன கேட்பது என்பது. "இவர் சிறந்த மென்டரா?" என்று கேட்டால் பாராட்டுரைதான் வரும். பிறகு நாங்கள் ஒரே ஒரு கேள்வி வைத்தோம்: "இவர் சொன்னதால் நீங்கள் செய்யாமல் விட்ட ஒரு காரியம் எது?" உண்மையில் கூட இருந்தவர்கள் ஒரு பக்கம் எழுதினார்கள். மற்றவர்களுக்கு இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. உங்கள் சூடான பதில் கதை இதற்கு அச்சு அசல்.

பதில் 2 (மூன்றாம் பாடவேளை)

கோப்புக்காரன் சார் சொன்னது நல்ல கேள்விதான், ஆனால் கடிதம் எழுதுகிறவள் இடத்திலிருந்து ஒரு முறை பாருங்கள். நான் உதவிப் பேராசிரியர், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. என் மென்டர் செய்த உதவியை உள்ளபடி எழுதினால், என் வகுப்பு எப்படி இருந்தது, என் நிதி விண்ணப்பம் எத்தனை முறை திரும்பி வந்தது என்பதையும் எழுத வேண்டும். அந்தக் கடிதத்தைப் படிக்கும் குழுவில் இருப்பவர்தான் நாளைக்கு என் பதவி உயர்வுக் குழுவிலும் உட்காருவார். மென்டரைப் புகழப் போய் என்னை நானே காட்டிக்கொடுத்த கதையாகிவிடும். கடிதம் வெளியாட்கள் கைக்கு மட்டும் போகட்டும். மென்டரே என்னிடம் வந்து "ஒரு கடிதம் கொடும்மா" என்று கேட்கும் நிலையும் வரக்கூடாது. கேட்டால் நான் எப்படி மறுப்பேன்?

அடுத்தது, இந்த வேலை யார் தலையில் விழுகிறது என்பது. லிண்டா பாப்காக், லீசா வெஸ்டர்லுண்ட் என்ற பொருளியலறிஞர்கள் உள்ளிட்ட நால்வர் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மூன்று மூன்று பேராகப் பிரித்து, இரண்டு நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் கணினியில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்றார்கள். அழுத்தினால் மூவருக்கும் லாபம். ஆனால் அழுத்தியவருக்கு மற்ற இருவரைவிடக் குறைவாகக் கிடைக்கும். ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்கள் அழுத்தியது ஆண்களைவிட 48 சதவீதம் அதிகம். தனித்தனிக் குழுக்களில் வித்தியாசமே இல்லை. அதாவது இது பெண்ணின் இளகிய மனசு இல்லை. "அவள் செய்வாள்" என்று எல்லோரும் காத்திருப்பதுதான். எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்தவர் அழுதால் எந்த அறைக்கு அனுப்புவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த அறைக்காரருக்கு எட்டு வருடமாகப் பதவி உயர்வு இல்லை.

ஆகவே கேடயம் வேண்டாம். வாங்குபவருக்கு ஒரு பருவத்தில் ஒரு பாடத்தைக் குறைத்துக் கொடுங்கள். பதவி உயர்வுப் படிவத்திலேயே இதற்கு ஒரு இடம் வையுங்கள். விருது ஒருவருக்குத்தான் கிடைக்கும், படிவம் எல்லோருக்கும் உண்டு.

பதில் 3 (ஓய்ந்த சுண்ணாம்புக்கட்டி)

ஓய்வு பெற்றவன், கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்வேன். எனக்கு இந்த விருதே பிடிக்கவில்லை. என் அறைக்கு ஆட்கள் வந்ததற்குக் காரணம், வந்தது வெளியே தெரியாது என்பதுதான். எனக்கு விருது கொடுத்து மேடை ஏற்றியிருந்தால், மறுநாள் என் அறைக்கதவைத் தட்டுகிறவர் "ஏதோ பிரச்சினையில் இருக்கிறார்" என்று தாழ்வாரம் முழுக்கத் தெரிந்திருக்கும்.

கேத்தி கிராம் என்பவர் ஒரு நிறுவனத்து ஊழியர்களை வைத்து ஆய்ந்து, 1985 வாக்கில் மென்டர் செய்வதை இரண்டாகப் பிரித்தார். ஒன்று தொழிலில் ஏற உதவுவது: ஆளை அறிமுகப்படுத்துவது, வாய்ப்பு வாங்கிக் கொடுப்பது, முன்னால் நின்று காப்பது. இன்னொன்று மனசுக்குப் பக்கத்தில் நிற்பது. முதலாவதை விருதுக் குழு பார்க்க முடியும். இரண்டாவதைப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது.

எல்லாவற்றுக்கும் ஒரே குரு என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். வகுப்புக்கு ஒருவர், நிதி விண்ணப்பத்துக்கு ஒருவர், துறை அரசியலில் எந்தக் கூட்டத்தில் வாய் திறக்கக்கூடாது என்று சொல்ல ஒருவர். நான் மூன்றாவது வகை. அதற்கு யார் சான்றிதழ் கொடுப்பார்கள்?

பதில் 4 (மூன்றாம் பாடவேளை)

ஐயா, நீங்கள் சொல்வது உங்களுக்குச் சரி. நீங்கள் நிரந்தரப் பதவியில் இருந்துகொண்டு ரகசியமாக உதவினீர்கள். அதே உதவியைச் செய்யும் இளையவர்களுக்கு அந்த நேரம் ஆய்விலிருந்து போகிறது. ரகசியம் காக்கப்படட்டும், அந்த நேரத்துக்குக் கணக்கும் இருக்கட்டும். இரண்டும் கூடி வரும்.

பதில் 5 (ஓய்ந்த சுண்ணாம்புக்கட்டி)

நேரக் கணக்கு நியாயம்தான் அம்மா. ஒத்துக்கொள்கிறேன். மேடையை மட்டும் விட்டுவிடுங்கள்.

மீண்டும் கேள்வி கேட்டவர் (பின்வரிசை)

எல்லோருக்கும் நன்றி. நேற்று நாலாவது கூட்டம். சுய விண்ணப்பம் போய்விட்டது. முன்மொழிவது இனி அவரிடம் வளர்ந்தவர்கள்தான், குறைந்தது இரண்டு வெவ்வேறு காலத்தவர். கடிதங்களை வெளிப் பல்கலைக்கழக ஆட்கள் மட்டும் படிப்பார்கள். 'செய்யாமல் விட்ட காரியம்' கேள்வி ஒரு சிரிப்போடு ஏற்கப்பட்டது. தனக்குக் கீழே இருப்பவருக்கு மதிப்பீடு எழுதும் துறைத்தலைவரை, அந்த நபருக்கு மென்டர் என்று கணக்கில் எடுக்கக்கூடாது என்ற வரியை நானே சேர்த்தேன். அதற்கு ஒருவர் முகம் சுளித்தார். பாடக் குறைப்பு மட்டும் நிதிப் பிரிவுக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து எப்போது திரும்பி வரும் என்று கோப்புக்காரன் சார்தான் சொல்ல வேண்டும். மேடை பற்றி ஒன்றும் முடிவாகவில்லை.

'மணி நேரம்' கட்டத்தை நீக்க மட்டும் பெரிய சண்டை. எண் இல்லாமல் எப்படி ஒப்பிடுவது என்றார்கள். நான் இழுப்பறையிலிருந்து அந்த அரைத்தாளை எடுத்துப் போயிருந்தேன். சுற்றில் விட்டேன். யாரும் ஒன்றும் பேசவில்லை, ஆனால் கட்டம் போய்விட்டது.

சாயங்காலம் அந்தத் தாளைக் கொடுத்த சாருக்குப் போன் செய்து, அவர் தாளைக் கூட்டத்தில் காட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். எந்தத் தாள் என்றே முதலில் ஞாபகம் வரவில்லை. வரி வரியாகப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த அறைக் கடிகாரம் எப்போதும் ஐந்து நிமிடம் முந்தி ஓடும், நேரமெல்லாம் தப்பு" என்றார்.