ஈப்போ நடைக்குப் போகும் மாணவர்களுக்கு வேன் வேண்டும், இன்னும் சில உதவிகளும்

வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஐந்தாம் படிவம் படிக்கும் 14 மாணவர்கள், மனநலத்துக்கு நிதி திரட்டும் நடை ஒன்றில் கலந்துகொள்ள அடுத்த மாதம் ஈப்போவுக்குப் போகிறார்கள். நான் அவர்களுக்கு மாலை வகுப்பு எடுப்பவள். பெயர் கொடுத்தவர்களும் அவர்களே, என்னை இதில் இழுத்துவிட்டவர்களும் அவர்களே.

நடை காலை 7 மணிக்குத் தொடங்குகிறது. அந்த நேரத்துக்குப் பஸ்ஸை நம்ப முடியாது. தோட்டத்துப் பக்கம் பள்ளி வேன் ஓட்டும் அண்ணன்மார் யாராவது ஞாயிறு விடியற்காலை வர முடியுமா? எண்ணெய்ச் செலவு என்னுடையது. இரண்டு பேரிடம் பள்ளிக் காலணியைத் தவிர வேறு இல்லை. 6, 8 அளவில் பழைய ஓட்டக் காலணி இருந்தாலும் போதும்.

பிள்ளைகள் உண்டியலோடு சந்தையில் நிற்கத் துடிக்கிறார்கள். தெருவிலோ வீடு வீடாகவோ வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்று சொல்லித் தடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு விண்ணப்பித்த அனுபவம் உள்ள கோயில் நிர்வாகத்தினர் வழி சொல்லுங்கள்.

"பைத்தியத்துக்கா பணம்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை மலேசிய நாடே 2023இல் நீக்கிவிட்டது. நம் லயத்து வாசலில்தான் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆகவே, பெற்றோரிடம் அரை மணி நேரம் தமிழில் பேசக்கூடிய மனநல ஆலோசகர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 உதவி எண்ணைப் பற்றியும் அவர் விளக்கினால் நல்லது. வேனைவிட இதுதான் எனக்கு அவசரம்.