வன்முறைவயப்படல்: ஒரு கலைச்சொல் முன்மொழிவும் அதன் மீதான விவாதமும்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். இளைஞர்கள் வன்முறைக் குழுக்களின் பக்கம் போய்விடாமல் பெற்றோரும் ஆசிரியரும் காவல்துறையும் மருத்துவரும் வழிபாட்டிடப் பெரியவர்களும் சேர்ந்து காப்பது எப்படி என்பதைச் சொல்லும் கையேடு ஒன்றை மதுரையிலிருந்து தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் படிப்படியாக வன்முறையை ஏற்கத் தொடங்குவதை ஆங்கிலத்தார் 'ரேடிகலைசேஷன்' என்கிறார்கள். அதற்குச் சென்ற வாரம் நண்பர் ஒருவர் நம் கலைச்சொல் குழுவில் 'தீவிரவாதமயமாதல்' என்ற சொல்லைப் பரிந்துரைத்தார். செய்தித்தாள்களில் வருவதும் அதுதான். என் முதல் வரைவில் நான் எழுதியிருந்ததும் அதுதான். அதைக் கைவிட வேண்டும் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மேலூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளியில் அந்த வரைவை வைத்துப் பெற்றோர் கூட்டம் நடத்தினோம். கரும்பலகையில் 'தீவிரவாதமயமாதலைத் தடுப்பதில் பெற்றோரின் பங்கு' என்று நானே எழுதினேன். நூறு நாள் வேலையிலிருந்து நேரே வந்திருந்த ஓர் அம்மா, புடவை ஓரத்தில் ஒட்டியிருந்த மண்கூடக் காயாத நிலையில், பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு எழுந்தார். "எம்புள்ள கையில கயிறு கட்டுனதுக்கா சார் தீவிரவாதிங்கிறீக?" என்று கேட்டார். சன்னலோரம் நின்றிருந்த அவருடைய மகன், இரண்டு நிறம் முறுக்கிய கயிறு கட்டிய வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அந்த அம்மா கிளம்பியதும் அவர் தெருக்காரர்களும் கிளம்பினார்கள். தேநீர் வந்தபோது ஏழு பேர் மட்டுமே உட்கார்ந்திருந்தோம். எவருடைய ஒத்துழைப்பு இல்லாமல் இந்த வேலையில் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாதோ, அவர்களை நான் எழுதிய ஒரே சொல் எழுப்பி அனுப்பிவிட்டது.

கயிற்றைச் சிறிய செய்தி என்று யாரும் தள்ளிவிட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே சாதிவெறியில் வீடு புகுந்து வெட்டிய பிறகு, தமிழக அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. எனவே நாம் தேடும் சொல் ஏதோ ஒரு மதத்தாரை மட்டும் சுட்டுவதாக இருக்கக் கூடாது. 1997இல் மேலூர் அருகே மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேர் சாதிவெறியில் வெட்டிக் கொல்லப்பட்டதை மறந்துவிட்டு, இதை வேறெங்கோ இருப்பவர்களின் நோயாக இந்த மாவட்டத்தில் யாரும் பேச முடியாது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். 'தீவிரம்' என்பதில் குற்றம் எதுவும் இல்லை. தீவிர சிகிச்சை, தீவிர முயற்சி என்று நாள்தோறும் நல்ல பொருளில் வழங்குகிறோம். 'தீவிரவாதி' என்பதற்கோ நம் பாடநூல்களிலேயே இன்னொரு வரலாறு இருக்கிறது. 1907இல் சூரத்தில் காங்கிரஸ் பிளந்தபோது மிதவாதிகள் ஒரு பக்கமும் தீவிரவாதிகள் மறுபக்கமும் நின்றார்கள், வ.உ.சி.யும் பாரதியும் திலகரோடு நின்ற தீவிரவாதிகள். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்டோரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது, அன்றைய மதுரையில் அதைவிடத் தீவிரமான செயல் வேறு இருந்திருக்காது. அடி வேர்வரை மாற்றம் வேண்டும் என்று ஒருவர் எண்ணுவது குற்றமன்று. அந்த எண்ணத்தை நிறைவேற்ற ஆளைக் கொல்லலாம் என்று ஏற்கத் தொடங்குவதுதான் நம் கவலை. ஆகவே, கலைச்சொல்லில் 'தீவிரம்' இருப்பதைவிட 'வன்முறை' இருப்பதே நேர்மை.

அடுத்து 'மயம்'. தொழில்மயம், தனியார்மயம், உலகமயம் ஆகியவற்றில் அது முற்றும் நிறைந்துவிட்ட நிலையைக் குறிக்கிறது. ஊரெங்கும் புகைமயம் என்றால் புகை இல்லாத இடமே இல்லை என்று பொருள். கையேடு பேசுவதோ தொடக்க நிலையைப் பற்றி. பழைய நண்பர்களை விட்டு ஒதுங்குதல், வீட்டில் பேச்சுக் குறைதல், ஒரே ஆளின் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தல், 'நாம்', 'அவர்கள்' என்று எதையும் இரண்டாகப் பிரித்துப் பேசுதல் ஆகியவை நடக்கும் கட்டத்தில் அந்தப் பையன் எதன் மயமும் ஆகிவிடவில்லை. அவன் இழுபட்டுக்கொண்டிருக்கிறான். தமிழில் இதற்கென்றே ஒரு வினை இருக்கிறது: வயப்படுதல். காதல்வயப்பட்டான், உணர்ச்சிவயப்பட்டாள் என்று எல்லாரும் சொல்கிறோம். எனவே 'வன்முறைவயப்படல்' என்பதை முன்மொழிகிறேன்.

இதனால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் ஒருவர் தானே அப்படி ஆவதற்கும் பிறர் அவரை அப்படி ஆக்குவதற்கும் ஒரே சொல்தான். தமிழில் தன்வினையும் பிறவினையும் தெளிவாகப் பிரிகின்றன: வன்முறைவயப்படல், வன்முறைவயப்படுத்தல். ஆள் சேர்ப்பவர் 'வயப்படுத்துவோர்'. ஐ.நா. பொதுச்செயலாளர் 2016 ஜனவரியில் பொதுச்சபை முன் வைத்த செயல்திட்டம், 70க்கும் மேற்பட்ட பரிந்துரைகளைத் தந்தும் 'வன்முறைத் தீவிரவாதம்' என்பதற்கு வரையறை தரவில்லை. அதை உறுப்பு நாடுகளிடமே விட்டுவிட்டது. ஆனால் காரணிகளை அது இரண்டாகப் பிரிக்கிறது. வேலையின்மை, ஒதுக்கப்படுதல், காவல் அத்துமீறல் போன்றவை பின்னாலிருந்து தள்ளுபவை. ஆள்பிடிப்பு, தலைவரின் கவர்ச்சி, 'நீயும் ஒரு ஆள்' என்ற பெருமை போன்றவை முன்னாலிருந்து இழுப்பவை. தள்ளுதலும் இழுத்தலும் 'வயப்படல்' என்ற சொல்லோடு இயல்பாகப் பொருந்துகின்றன.

'தடுப்பு' என்ற சொல்லிலும் எனக்குத் தயக்கம் உண்டு. தடுப்புக் காவல், குண்டர் தடுப்புச் சட்டம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அதில் காவல் நிலையத்தின் ஓசை இருக்கிறது. 'வருமுன் காப்போம்' மருத்துவ முகாமுக்குப் போகாத குடும்பம் நம் ஊர்ப் பக்கம் குறைவு. குறளிலிருந்து வந்த அந்தத் தொடரையே எடுத்து 'வருமுன்காப்பு' என்று வைத்துக்கொள்ளலாம். நடந்த பின் முறியடிப்பது வேறு, வருமுன் காப்பது வேறு என்பதும் இதில் தானே விளங்கும்.

எனக்கு விடை கிடைக்காதது 'சமூகம் முழுவதும் சேர்ந்து' என்ற பகுதிதான். 'சமூகக் கூட்டுறவு' என்று எழுதினால், 'சமூகம்' என்றதும் "நீங்க எந்தச் சமூகம்?" என்ற கேள்விதான் நினைவுக்கு வருகிறது. கூட்டுறவு என்றால் வங்கியும் ரேஷன் கடையும். ஊர்கூடித் தேர் இழுப்பதை வைத்து 'ஊர்கூடிக் காத்தல்' என்று எழுதிப் பார்த்தேன், எனக்குப் பிடித்துமிருக்கிறது. நண்பர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து

*

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். 'ஊர்கூடி' என்பதைத் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் ஊர் என்றால் சேரி சேராதது. ஊர் வேறு, காலனி வேறு. ஊர்க்கூட்டம் என்றால் தண்டம் விதிக்கும் கூட்டம். ஊர்க்கட்டுப்பாடு என்றால் ஒதுக்கிவைத்தல். உத்தப்புரத்தில் 1989இல் எழுந்து, 2008இல் ஒரு பகுதி இடிக்கப்பட்ட தீண்டாமைச் சுவரை எழுப்பியதும் ஊர் கூடித்தான். அந்தச் சுவருக்கு அப்பால் இருந்தவர்களிடம் போய் 'ஊர்கூடிக் காப்போம் வாருங்கள்' என்று எந்த வாயால் அழைப்பது? 'அனைத்துத்தரப்பு' என்பது அழகில் குறைந்த சொல்தான், ஆனால் யாரையும் வெளியே நிறுத்தாது.

'வயப்படல்' குறித்து எனக்கு ஒரு வலுவான தடை உண்டு. காதல்வயப்பட்டவன்மேல் யாரும் குற்றம் காண்பதில்லை. அவன் கையில் எதுவும் இல்லை என்பது போன்ற தொனி அந்தச் சொல்லில் இருக்கிறது. வெட்டியவனுக்கு அந்தச் சலுகையைத் தரலாமா? வெட்டுப்பட்ட பிள்ளையின் தாய் இந்தக் கையேட்டைப் படித்தால் என்ன நினைப்பார்? மேலும், 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் தனியாளாகவே செயல்பட்டான் என்றுதான் நியூசிலாந்தின் விசாரணை ஆணையம் கண்டது. அங்கே வயப்படுத்துவோர் யார்?

ஒரு சொல்லை நானும் முன்வைக்கிறேன். ஓர் ஆசிரியர் தம் மாணவரைப் பற்றிக் கவலைப்பட்டு உரியவரிடம் அனுப்புவதை நீங்கள் கையேட்டு வரைவில் 'தகவல் அளித்தல்' என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்றோர் காதில் அது காட்டிக்கொடுத்தல் என்றே விழும். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகள்மீதும் மருத்துவ அமைப்புகள்மீதும் இதைக் கடமையாகச் சுமத்தியபோது, முஸ்லிம் குடும்பங்கள் தங்களை வேவு பார்ப்பதாகவே உணர்ந்தார்கள் என்ற குற்றச்சாட்டு ஓயாமல் எழுந்தது. 'ஆற்றுப்படுத்தல்' என்று எழுதுங்கள். பரிசில் பெற்று மீள்பவன் வழியில் எதிர்ப்படும் வறியவனிடம், 'இந்த வழியே போ, இன்னார் உதவுவார்' என்று சொல்வதுதானே ஆற்றுப்படை? ஜெர்மனியில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய 'எக்ஸிட்' அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர் காவல்துறையில் இருந்தவர்; மற்றவர் ஹிட்லரின் கொள்கையைப் பின்பற்றும் நவநாசிக் கூட்டத்தின் தலைவராக இருந்து வெளியேறியவர். சிக்கி மீண்டவரே சிக்கியவருக்கு வழி சொல்லும் முறை அது. நம் புலவர்களுக்கு அந்த முறை புதிதன்று.

*

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். 'ஊர்' பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் வரைவில் அந்தச் சொல் வந்த எல்லா இடத்தையும் திருத்தினேன். ஒன்பது இடங்களில் இருந்தது. மேலூர் கூட்டத்தில் இரண்டு தெருக்காரர்கள் தனித்தனியாக உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தும் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன். 'அனைத்துத்தரப்புப் பொறுப்பு' என்றே வைக்கிறேன்.

'ஆற்றுப்படுத்தல்' மிகப் பொருத்தம். உளவள ஆலோசனைக்கும் அந்தச் சொல் வழங்கிவருவது இங்கே இடையூறு ஆகாது. அனுப்பப்படும் இடம் பெரும்பாலும் அதுதான். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் பள்ளி, சமூகநலத் துறை, காவல்துறை மூன்றும் சேர்ந்து இயங்கும் பழைய ஏற்பாட்டின் மேலேயே இந்தப் பணியைக் கட்டினார்கள். சிரியாப் போருக்குப் போய்த் திரும்பிய இளைஞர்களில் குற்றம் செய்யாதவர்களுக்குப் படிப்பும் வேலையும் தேடித் தந்து, பேச ஒரு வழித்துணைவரையும் அமர்த்தினார்கள். குற்றம் செய்தவர்கள் நீதிமன்றத்துக்கே போக வேண்டும்.

உங்கள் தடைக்கான என் விடையும் அங்கேதான் தொடங்குகிறது. வயப்படல் என்பது செயலுக்கு முந்திய நிலைக்கான பெயர். வெட்டிய பின் அதற்குச் சட்டத்தில் வேறு பெயர் உண்டு. அதை மாற்ற நான் விரும்பவில்லை. கையேட்டின் முதல் பக்கத்திலேயே, 'வன்முறைவயப்பட்டார் என்பது யாருடைய குற்றத்தையும் குறைக்கும் காரணம் ஆகாது' என்று சேர்த்துவிட்டேன். தனியாளைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு, கோபத்துக்கு வயப்படவும் எதிரில் ஓர் ஆள் தேவையில்லை என்பதே என் பதில். பிறவினை பொருந்தாத இடத்தில் தன்வினையை மட்டும் ஆளலாம்.

வெளியே வருதலுக்கும் சொல் வேண்டும். வன்முறையைக் கைவிடுவது ஒன்று; அதை நியாயப்படுத்திய எண்ணமே மாறுவது இன்னொன்று. ஆய்வாளர்கள் இரண்டையும் கவனமாகப் பிரிக்கிறார்கள், ஏனெனில் பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். முதலாவதை 'வன்முறைவிலகல்' என்றும் இரண்டாவதைத் 'தன்வயமீட்சி' என்றும் சொல்லலாம். எண்குணத்தான் என்ற குறள் தொடருக்கு உரை எழுதிய பரிமேலழகர், இறைவனின் எட்டுக் குணங்களில் முதலாவதாக வைத்தது 'தன்வயத்தனாதல்'. இறைவனுக்குச் சொன்னதைப் பதினேழு வயதுப் பையனுக்குச் சொல்வதா என்று சைவப் பெரியவர்கள் கேட்கக்கூடும். பிறர் வயத்திலிருந்து தன் வயத்துக்கு மீள்கிறான் என்பதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தமிழில் வேறு கிடைக்கவில்லை.

ஒரு செய்தியைக் கையேட்டின் முன்னுரையில் சேர்க்கிறேன். 2019 ஏப்ரல் 21 அன்று இலங்கையில் 250க்கும் மேற்பட்டோரைக் கொன்ற குண்டுவெடிப்புகளின் தலைவன் காத்தான்குடிக்காரன். அவனைப் பற்றி அதிகாரிகளிடம் முன்பே முறையிட்டவர்களும் காத்தான்குடி முஸ்லிம்கள்தாம். அருகில் இருப்பவர்களுக்கே முதலில் தெரிகிறது. அவர்கள் சொன்னது உரிய இடத்தில் கேட்கப்படவில்லை. அனைத்துத்தரப்புப் பொறுப்பு என்பதற்குத் தமிழ் பேசும் ஓர் ஊரில் நடந்த இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

அடுத்த கூட்டம் அதே பள்ளியில்தான். பலகையில் எழுதப்போவது இது: 'நம் பிள்ளைகள் வன்முறைவயப்படாமல் வருமுன் காப்போம்: எல்லாத் தெருப் பெற்றோரும் வருக'. கயிறு பற்றிக் கேட்ட அந்த அம்மாவுக்கு அழைப்பை நானே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர் அதை வாசித்துவிட்டு என்ன சொல்கிறார் என்பதைக் குழுவுக்கு எழுதுகிறேன். அதுவரை சொற்பட்டியலில் இதை 'முன்மொழிவு' என்றே குறித்து வைக்க வேண்டுகிறேன்.