பிள்ளைகளை மரத்தடிக்குக் கூட்டிப்போய் வேதபாடம் நடத்துவது எப்படி?

கேள்வி: மரத்தடி டீச்சர்

ஞாயிறு பள்ளியில் 4 முதல் 6 வயது வரை 12 பிள்ளைகள். பாடவேளை 40 நிமிடம். வெளியே ஒரு மரமும் கொஞ்சம் மண்தரையும் உண்டு. படைப்பைக் காட்டிப் படைத்தவரைச் சொல்லித்தர வேண்டும். படத்துக்கு வண்ணம் தீட்டுவதோடு முடிந்துவிடக் கூடாது. விதைக்கிறவன் உவமையை (ஒருவன் தூவிய விதை வழியருகே, கற்பாறையில், முள்ளில், நல்ல நிலத்தில் விழுந்ததாக இயேசு சொன்ன கதை, மத்தேயு 13) நிஜ மண்ணில் செய்து காட்ட முடியுமா? உயிர்த்தெழுதலுக்குப் பட்டாம்பூச்சி, திரித்துவத்துக்கு (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்பதற்கு) தண்ணீர் என்கிறார்களே, அதெல்லாம் சரியா?

பதில்: விதைப்பை

முடியும் டீச்சர், ஆனால் ஒரே வாரத்தில் முடியாது. மூன்று வாரம் ஒதுக்குங்கள். அடியில் துளையுள்ள, 8 செ.மீ. ஆழமான தட்டுகள் நான்கு வேண்டும், நிலத்துக்கு ஒன்று. தட்டுக்குப் பத்து பச்சைப்பயறு. ஊறவைக்காதீர்கள், ஊறிய விதை எங்கே போட்டாலும் முளைவிடும்.

வழியருகே: மண்ணை நனைத்து, உள்ளங்கையால் தட்டி இறுக்கி, ஒரு நாள் காயவிடுங்கள். விதையை மேலே தூவுங்கள். மூடவும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். பறவை வரும் இடத்தில் வையுங்கள்.

கற்பாறை: தட்டு நிறையக் கூழாங்கல், அதன்மேல் 1 செ.மீ. மண்.

முள்: நிஜ முள் பிள்ளைகளின் கைக்கு ஆகாது. ஒரு வாரம் முன்னதாகவே கடுகை நெருக்கமாகத் தூவி வளர்த்து, அதன் நடுவில் பயறைப் போடுங்கள். பயறு சாகாது, மெலிந்து வெளிறி நிற்கும். மத்தேயு 13:22 சொல்வதும் பலனற்றுப்போவதைத்தான்.

நல்ல நிலம்: மட்கிய உரம் கலந்த பொலபொலப்பான மண். விதை 2 செ.மீ. ஆழத்தில்.

பின்னிரண்டுக்கும் கற்பாறைத் தட்டுக்கும் முதல் வாரம் ஒரே அளவில் தண்ணீர் தெளியுங்கள். கற்பாறைத் தட்டு மற்றவற்றோடு சேர்ந்தோ, முந்திக்கொண்டோ முளைக்கும். சோதனை தோற்றுவிட்டது என்று நினைத்துத் தட்டை ஒதுக்கிவிடாதீர்கள். மண் ஆழமில்லாததால் சீக்கிரம் முளைத்தது என்று 13:5-லேயே இருக்கிறது. பிறகு இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தி வெயிலில் வையுங்கள். மெல்லிய மண் முதலில் காயும், இலை தலைசாயும். நாள் தவறாமல் தண்ணீர் விட்டால் அந்தத் தட்டும் பச்சையாகவே நிற்கும், உவமையைக் காட்ட வழியிருக்காது.

இன்னும் இரண்டு. விதையை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மூக்கில் போட்ட பயறு ஈரத்தில் உப்பிவிடும். "நீ எந்த நிலம்?" என்று கேட்காதீர்கள். இந்த வயதில் அது தன்மேல் விழுந்த தீர்ப்பாகவே படும். விதை தேவனுடைய வசனம் (லூக்கா 8:11), அது வேர்பிடித்தால் வளரும். அவ்வளவு போதும்.

பதில்: ஏழாம் வாசல்

பட்டாம்பூச்சியை உயிர்த்தெழுதலுக்கு எடுக்காதீர்கள். கூட்டுக்குள் புழு சாவதில்லை, உயிரோடுதான் உருமாறுகிறது. "அப்போ இயேசப்பாவும் நிஜமா சாகலையா?" என்று ஒரு பிள்ளை கேட்டால், அது சரியாகத்தான் யோசித்திருக்கிறது. ஒவ்வொரு புழுவுக்கும் இயல்பாக நடப்பது அது; கல்லறையில் நடந்தது இயல்பானதல்ல, தேவன் செய்தது. பட்டாம்பூச்சி பொருந்துகிற இடம் ரோமர் 12:2, 'மறுரூபமாகுங்கள்'. கிறிஸ்துவின் மரணத்துக்கு அவரே சொன்ன கோதுமை மணி இருக்கிறது (யோவான் 12:24): மண்ணில் புதைந்த ஒன்று பலவாகிறது.

தண்ணீர் உதாரணம் இன்னும் சிக்கல். ஒரே தண்ணீர்தான் ஒருமுறை பனிக்கட்டி, ஒருமுறை ஆவி. ஒரே தேவன் மூன்று வேடம் போடுகிறார் என்றாகிவிடும். 3-ஆம் நூற்றாண்டில் சபெல்லியஸ் என்ற போதகர் பெயரில் பரவி, திருச்சபை மறுத்த போதனை இதுதான். உதாரணமே வேண்டாம். இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் கரையைச் சொல்லுங்கள்: குமாரன் தண்ணீரிலிருந்து ஏறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல் இறங்குகிறார், பிதாவின் குரல் வானத்திலிருந்து கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில்.

"மரத்துக்குள்ள கடவுள் இருக்காரா?" என்ற கேள்வியும் வரும். "மரம் கடவுள் இல்லை. மரத்தை உண்டாக்கினவர் கடவுள். அவர் எங்கேயும் இருக்கிறார்." இதற்குமேல் நீட்ட வேண்டாம்.

பதில்: கயிற்று வட்டம்

நேரத்தைப் பற்றி. ஒரு வகுப்புக்கு ஒரே பொருள். பிள்ளைக்கு ஒன்றரை மீட்டர் கயிறு கொடுத்துத் தரையில் வட்டம் போடச் சொல்லுங்கள். பத்து நிமிடம் வட்டத்துக்குள் மட்டும் பார்க்கட்டும். எல்லையில்லாவிட்டால் ஓடத்தான் செய்வார்கள். எறும்பு போகிற தடத்தில் ஒரு சிட்டிகை சர்க்கரை வைத்துக் காத்திருந்தால், எறும்பு தீனி சேர்ப்பதைச் சொல்லும் நீதிமொழிகள் 6:6-8 கண்ணெதிரே நடக்கும்; கடிக்கிற எறும்பா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

"இதை யார் செய்தது?" என்று எடுத்தவுடன் கேட்காதீர்கள். பார்த்த பிள்ளையும் பார்க்காத பிள்ளையும் "இயேசப்பா" என்றே சொல்லும். "எத்தனை கால்? எதைத் தூக்கிக்கொண்டு போகிறது?" என்று கேளுங்கள்.

வானவில் செய்வதானால் காலையிலோ மாலையிலோ, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க, குழாய்நீரை மெல்லிய தூறலாக அடியுங்கள். எதிரே இருட்டான பின்னணி இருந்தால் தெளிவாகத் தெரியும். உச்சிவெயிலில் வில் தரைப்பக்கம் இறங்கிவிடும்.

மரத்தடி டீச்சர்

நன்றி. மரத்தடியில் செத்த குருவி கிடந்தால் என்ன சொல்ல?

ஏழாம் வாசல்

"தூங்குகிறது" என்று சொல்லாதீர்கள் டீச்சர், பிறகு பிள்ளை இரவில் தூங்கவே பயப்படும். "செத்துப்போச்சு" என்றே சொல்லுங்கள். பிதாவின் சித்தமில்லாமல் ஒரு குருவியும் தரையில் விழாது என்ற மத்தேயு 10:29-ஐ வாசியுங்கள். மோட்சத்துக்குப் போகுமா என்று கேட்டால், வேதம் அதைச் சொல்லவில்லை என்று நேராகச் சொல்லிவிட்டு, படைப்பு முழுவதும் ஒருநாள் அழிவிலிருந்து விடுதலையாகும் என்கிற ரோமர் 8:21-ஐச் சொல்லலாம். குருவியைக் கையால் தொடாமல் கரண்டியால் எடுத்துக் குழிதோண்டிப் புதையுங்கள். எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். அன்று அழுகிற பிள்ளை இருந்தால், போட்டுவைத்த பாடத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.